மழையோடு நின்ற கவிதை

என் கணவர் தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். பிள்ளைகளை வைரக் கவிதை எழுதவைப்பதில் அவருக்கு அலாதி ஆசை. உச்சியில் ஒரே ஒரு சொல். கீழே வர வர வரி அகலும். நடுவரியில் பொருள் திரும்பும். பிறகு குறுகிக்கொண்டே போய், உச்சியில் இருப்பதற்கு நேர் எதிரான சொல்லில் முடியும். எழுதி முடித்தால் தாளில் வைர வடிவம் வந்துவிடும்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் மெல்லத் தேறின. பேச்சுதான் புரண்டுவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் "வேணாம்" என்பார். கொடுக்காவிட்டால் கோபம் வரும். சர்ச்சிலிருந்து ஜெபிக்க வந்தவர்களை "போங்க, போங்க" என்று கைகூப்பி வரவேற்றார். அவர்கள் சங்கடப்பட்டுச் சீக்கிரமே எழுந்துகொண்டார்கள். வாசல்வரை போய் நான் விளக்கிச் சொல்லிவிட்டு வருவதற்குள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "சாருக்குப் பழக்கமானது எதையாவது வச்சிப் பேச வைங்கம்மா" என்றாள். எனக்கு வைரக் கவிதைதான் தோன்றியது.

"மழை, வெயில்னு ஒண்ணு எழுதலாங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மழை. கறுத்த, குளிர்ந்த. தூறி, பெய்து, வழிந்து. திக்கினாலும் சரியாகவே வந்தன. நடுவரியில் குடை, சேறு என்றவர் நின்றுவிட்டார்.

"இப்ப வெயில் பக்கமா வரணுங்க."

"சேறு" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "சேறு."

"நிழல்னு போட்டுக்கலாங்களா?"

என் மடியிலிருந்த பரீட்சை அட்டையைத் தட்டிவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "சில பேருக்குப் பேச்சு முழுசா திரும்பி வரும்மா. எப்பன்னு சொல்ல முடியாது" என்றாள்.

இப்போது மேல்பாதி மட்டும் எழுதுகிறோம். நடுவரி வருவதற்குள் நானே பேனாவை மூடிவிடுகிறேன். அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

நேற்று தலைமையாசிரியர் போன் செய்தார். "சார் எப்ப வருவாரு? பசங்க கேட்டுகினே இருக்குதுங்க" என்றார். லீவை நீட்டிக்கச் சொன்னேன். எதுவரைக்கும் என்று அவர் கேட்டார்.