அழுதவளுக்கு இரண்டு பக்கம்

சுவிஸில் மருத்துவம் படிக்க யாருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டாம். நுழைவுச் சோதனை ஒன்றுதான். அதில் நானும் என் தோழியும் ஒன்றாகத் தவறினோம். அவள் தவறியது எனக்கு வியப்பாக இல்லை. நான் தவறியதைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்.

பிறகு இருவரும் அயர்லாந்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். அங்கே இரண்டு கடிதம் கேட்டார்கள். நான் பயிற்சி செய்த முதியோர் இல்லத்தின் தாதி ஒன்றைத் தந்துவிட்டார். மற்றதை, பள்ளியில் எனக்குப் படிப்பித்த ஒருவர் எழுத வேண்டும்.

"உன்ர மார்க்ஸைப் பாத்தாலே தெரியுமே. பிறகென்னத்துக்குக் கடிதம்?" என்றார் அப்பா. அவர் பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். என் தேர்ச்சி அறிக்கையை வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் நாலு எடுத்தால் தேர்ச்சி, ஆறுதான் உச்சப் புள்ளி என்று தெரியும்.

பேர்ணின் மேற்குப் பகுதியான பூம்ப்ளிஸுக்குப் போகும் ட்ராமில் தோழி சொன்னாள்: "எனக்கு கெமிஸ்ட்ரி ரீச்சர் ரெண்டு பக்கம் எழுதித் தந்தவ."

"ரெண்டு பக்கமோ? நீ நாலு எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியாதோ?"

"அதைத்தானடி எழுதியிருக்கிறா! வியாழக்கிழமையில பள்ளி முடிய விளக்கம் கேக்கப் போய் அவவுக்கு முன்னால அழுதது, பிறகு அஞ்சு எடுத்தது, எல்லாம் இருக்கு."

சிரித்தேன். வயிறு எரிந்தது. அந்த வியாழக்கிழமைகளில் நான் வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் ஆறு எடுப்பதுதான் என் பெருமை. அழுதவளுக்கு இரண்டு பக்கம் என்றால் எனக்கு மூன்று பக்கமாவது வேண்டாமா? அதே ஆசிரியையிடம் போனேன்.

"எழுதலாம். ஆனால் உங்கள் விடைத்தாள்களைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை," என்றார். "உங்களுக்கு விளங்காதது என்று ஏதாவது இருந்ததா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அரைப் பக்கத்தோடு அனுப்பிவிடுவார். மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. தோழி இருந்து அழுத நாற்காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்க்கவும் பொறாமையாக இருந்தது.

"நுழைவுச் சோதனை," என்றேன். "எங்கே பிழைவிட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை."

ஆசிரியை அந்த நாற்காலியைக் காட்டினார். நுழைவுச் சோதனைக்கான மாதிரி வினா ஒன்றை எடுத்து, நான் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சற்று நேரத்திலேயே தடுமாறினேன். முகம் சுட்டது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவள் இதே இடத்தில் எத்தனையோ நாள் இருந்திருக்கிறாளே. நானும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் தருவதாகச் சொன்னார். அதற்கு முன் வியாழக்கிழமை ஒருமுறை வரவேண்டுமாம்.

வெளியே வந்ததும் தோழி தொலைபேசியில் அழைத்தாள்.

"எடியே, எழுதுறாவாமோ?"

"ஓம்."

"அழுதனியோ?"

"இல்லை."

"அப்ப உனக்கு ஒரு பக்கம்தான்!"

அவளோடு நானும் சிரித்தேன். வியாழக்கிழமை இன்னும் வரவில்லை.