பூஜ்யம் புள்ளி இருபத்திரண்டு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'நாளைக்கு'. எந்தக் கோப்பைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். இருபத்தாறு வருஷமாக வரைபடப் பிரிவில் அதே நாற்காலி, அதே பதில். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் வேகப் பைத்தியம் பிடித்துவிடும். ரிமோட்டில் பறக்கவிடும் சின்ன விமானங்கள் செய்வார். செய்தார் என்பது சரி. பறந்தன என்று சொன்னால் சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகும்.

இரண்டு விமானங்கள் மண்ணைக் கவ்விய பிறகு மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மூணாவதும் விழுந்துச்சுன்னா பின்ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. என் தையல் மெஷின் இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டிலுக்கடியில கிடக்கும்?"

பின்ரூம்தான் அவருக்கு உயிர். பசை நாற்றமும் மரத்தூளுமாகக் கிடக்கும் அந்த அறை ஒன்றில்தான் யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

ஆகவே மூன்றாவது விமானத்துக்குச் சர்வோவை மாற்றிப் பார்ப்பதென்று முடிவெடுத்தார். சர்வோ என்பது தீப்பெட்டி அளவு மோட்டார். ரிமோட்டில் விரல் அசைந்தால் விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் உள்ள தகடுகளை அதுதான் திருப்பும். பழைய சர்வோவின் பெட்டியில் 0.08 என்று போட்டிருந்தது. கடையில் 0.22 என்று ஒன்றைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வேகத்தில் எட்டு எங்கே, இருபத்திரண்டு எங்கே. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எனக்குத் தெரியும்" என்று பையை வாங்கிக்கொண்டார் நம்மவர்.

அந்த ஞாயிறு விமானம் பறந்தது. பதினோரு நிமிஷம் மைதானத்தைச் சுற்றிவிட்டுப் பூனை மாதிரி இறங்கியது. மனைவி கைதட்டினாள். "வேகம்தாங்க எல்லாம். சர்வோ வேகமா இருந்தா விமானம் சொன்ன பேச்சு கேக்கும்" என்று கூடியிருந்தவர்களுக்கு அவர் வகுப்பே எடுத்துவிட்டார்.

வகுப்பு முடியும்வரை மச்சான் பொறுத்திருந்தான். மனைவியின் தம்பியான அவன்தான் அந்த மைதானத்தின் ராஜா. சர்வோ பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், இது வேகம் இல்ல. அறுபது டிகிரி திரும்ப எத்தனை செகண்ட் ஆகுதுங்கிற கணக்கு. நம்பர் பெருசானா மெதுவு. கடையிலேயே பெரிய சோம்பேறி இதுதான். உங்க விரல் நடுங்குறதை இது கண்டுக்கிறதுக்குள்ள நடுக்கமே நின்னுடுது. அதான் பொழைச்சீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய பட்டப்பெயர் மைதானம்வரை வந்திருந்தது. 'நாளைக்கு' வாங்கின சர்வோவும் நாளைக்குத்தான் திரும்பும் என்றார் ஒருவர். அது சுருக்கென்று தைத்தது.

"மெதுவானதே இருக்கட்டுமே. பறந்துச்சில்ல" என்றாள் மனைவி.

பறந்ததுதான். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுக்கு வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை, பழைய 0.08 சர்வோவைத் தேடியெடுத்து மாட்டினார். வாழ்க்கையிலேயே ஒரு வேலையை அவர் அன்றைக்கே முடித்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த ஞாயிறு விமானம் கிளம்பிய ஒன்பதாவது விநாடியில் தரைக்கு வந்தது. விரலின் ஒரு நடுக்கத்தைக்கூட சர்வோ விட்டுவைக்கவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. ஒடிந்த இறக்கையைப் பின்ரூம் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. இந்த வயதில் இதற்கா என்று வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். தான் போட்ட நிபந்தனையை நினைவுபடுத்தாமல் விட முடியுமா.

"ரூமை எப்ப காலி பண்றீங்க?"

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "நாளைக்கு."

அந்தச் சொல்லுக்கு அவரிடம் என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். ஒடிந்த இறக்கையை ஒருமுறை பார்த்தாள்.

"சரி, நாளைக்கே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.