அண்ணி தேர்ந்தெடுக்கும் தண்ணீர்

என் அண்ணிக்கு இரண்டு பட்டப்பெயர்கள். எங்கள் படகுக்காரர் வைத்தது ‘படிக்கட்டு’. நான் மனசுக்குள் வைத்ததை இங்கே எழுத முடியாது.

சில வருடம் ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த கடலில் எல்லாம் முங்கி எழுந்து நான் வீடு திரும்பியபோது, அண்ணனின் ஸ்கூபா கடையில் அண்ணியின் கை ஓங்கியிருந்தது. சிலிண்டர்கள் அவள் சொன்ன வரிசையில் நின்றன. என் பழைய ரப்பர் உடை தொங்கிய ஆணியில் அவளுடையது தொங்கியது.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. அதற்கு முன் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கும் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். எந்த மாடிக்குப் போகக் கிளம்பினோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும், எப்படி வெளியே வருவது என்று மட்டும்தான் கேட்பார்கள் என்று சொல்லுவாள். அண்ணன் மேல் வைத்த ஆசையில் நீந்தக் கற்று, முங்கக் கற்று, ஆழத்துக்கான பயிற்சிகளையும் ஒவ்வொன்றாக முடித்தாள். நானோ நடக்கக் கற்ற கையோடு அண்ணன் தோளிலிருந்து கடலுக்குள் குதித்தவள்.

எழுபது மீட்டர் ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. கடல் அடங்கும் சில வாரங்களில்தான் அதைத் தொட முடியும். எங்கள் படகு சின்னது. இருவர் அடிவரை போகலாம், ஒருவர் பாதி வழியில் உபரி சிலிண்டர்களோடு காத்திருக்க வேண்டும். அந்த இருவர் அண்ணனும் நானும் என்பது சின்ன வயதிலேயே நாங்கள் பேசி வைத்தது. ஞாபகப்படுத்தினேன். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, “உங்க அண்ணிகிட்ட கேளு” என்றான்.

அண்ணி மறுக்கவில்லை. “மூணு பேருமே பழகுவோம். யார் ரெண்டு பேருன்னு கடைசியில பாத்துக்கலாம்” என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பழகும் இடங்களை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். மற்றவர்கள் பவளத்தைப் பார்ப்பார்கள், மீனைப் பார்ப்பார்கள். அவள் படகை நிறுத்தி மேல்தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நீரோட்டம் ஆளை எங்கே தள்ளும், படகு அங்கே வர முடியுமா, கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி போகுமா. இதெல்லாம் ஒத்துவந்தால் கடைசியாக, அடியில் தரை இருக்கிறதா என்று கேட்பாள். நாற்பது மீட்டர் பழக வேண்டுமானால் நாற்பதில் தரை தட்டும் இடம் வேண்டும். தவறினாலும் அதற்குக் கீழே போக வழியிருக்கக் கூடாது.

அப்படி அவள் பிடித்த முதல் இடம், நீர் நிரம்பிய பழைய கல்குவாரி. குளிர், கலங்கல், அடியில் துருப்பிடித்த ஒரு லாரி. பெயருக்கு ஒரு மீன் கிடையாது. அதே குவாரியில் மறுபடியும் இறக்கினாள், இந்த முறை கூடுதலாக ஒரு சிலிண்டரோடு. புது ஆழமும் புதுச் சாமானும் ஒரே நாளில் கூடாது என்பது அவள் சட்டம். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் பழையதாகவே இருக்க வேண்டும். லாரியின் ஸ்டியரிங் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தண்ணீருக்குள் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. விரலை லேசாக மடக்குவாள், அண்ணன் தலையாட்டுவான். உலகத்தில் எந்தக் கடலிலும் நான் பார்க்காத சைகைகள். என் அண்ணனோடு ஒரு புது மொழி, அதில் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

ஐம்பது மீட்டருக்கு வந்தபோது வாயைத் திறந்தேன். வெளிக்கடலில் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவருக்குப் போகலாம், கண்ணாடி மாதிரி தண்ணீர், இதைவிடப் பெரிய சுவர்களை எல்லாம் நான் பார்த்தாயிற்று என்றேன். அண்ணன் முகம் மலர்ந்தது. “அவ எத்தன கடல் பாத்தவ” என்று அண்ணியிடம் எனக்காகப் பேசினான். அன்று ராஜ்யமே கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

“அங்க தரை இல்லையே” என்றாள் அண்ணி. அண்ணனின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். “சரி. ஐம்பதுல ஒரு திட்டு இருக்கு. அதத் தாண்டக் கூடாது.”

சுவர் அழகாக இருந்தது. ஆனால் நான் சுவரைப் பார்க்கவே இல்லை. அண்ணி எங்கே தடுமாறுவாள், எப்போது பயப்படுவாள் என்று அவளையே முறைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். அவள் கை அசைந்தால்கூட என் கண் போனது.

அண்ணன்தான் நிற்கவில்லை. அந்த ஆழத்தில் மூச்சுக்காற்றே லேசாகப் போதை ஏற்றும். தண்ணீர் தெளிவாக இருந்தால் மேல்மட்டம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். கீழே ஏதோ மினுங்கியதைப் பார்த்துக்கொண்டே திட்டைத் தாண்டி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்க நான் தலைகீழாகத் திரும்பினேன். அண்ணி என் வார்ப்பட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையால் கொக்கியை எடுத்துத் தன் சிலிண்டரில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். புருஷன் இறங்குகிறான், அவள் ஒரு சாண்கூடக் கீழே போகவில்லை. அந்தச் சத்தத்துக்கு அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். எங்கள் உயரத்தைக் கண்டதும்தான் தன் ஆழம் புரிந்து மேலே வந்தான்.

படகில் யாரும் யாரையும் திட்டவில்லை. துடைத்துக்கொண்டே அண்ணி சொன்னாள்: “என்னங்க, நீங்க மறுபடி குவாரியில இருந்து வாங்க.”

“அதுக்குள்ள சீசன் முடிஞ்சிடுமேம்மா.”

“முடியட்டும். கப்பல் எங்க ஓடிடப் போகுது?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீ ஒருத்திதான் என் மட்டத்துலயே நின்ன. கண்ண எடுக்காம பாத்துட்டே இருந்த. கூட வர்ற ஆளு அப்படித்தான் இருக்கணும்.”

நான் ஏன் கண்ணை எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

சுவரை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. தரையுள்ள இடங்களில் ஐம்பதையும் அறுபதையும் பழகிவிட்டு, நானும் அவளும்தான் கப்பலுக்குப் போனோம். உபரி சிலிண்டர்களைப் படகில் ஏற்றிய அண்ணனின் முகத்தைப் பார்த்துப் படகுக்காரர், “பந்தியில எலயப் போட்டு எழுப்பிவிட்ட மாதிரி இருக்கீங்களே தம்பி” என்றார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது. இத்தனை நாள் அது என் முகத்தில் இருந்தது.

கீழே இருட்டு, சேறு, ஒரு பக்கம் சாய்ந்த இரும்பு. கைப்பிடிக் கம்பியில் அண்ணி உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். நான் கப்பலின் முன்பக்கம் வரை போகத் துடித்தேன், காற்றும் மிச்சமிருந்தது. பேசிவைத்த நேரம் ஆனதும் அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே போகலாம்.

போனேன். இப்போதும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. அந்த முன்பக்கத்தை நினைத்து எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது. அவள் கரையேறியதும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, அண்ணனை எந்தக் கிழமை குவாரிக்குக் கூட்டிப்போவது என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.