கீழே இறங்கிவந்த எஃப் டிரைவ்

1988ஆம் வருஷம் ஆனிச் சாரல் தொடங்கிய வாரத்தில்தான் ஸ்டோர்ஸ் கிளார்க் வல்லிநாயகம் கையில் கம்போடு மில்லுக்குத் திரும்பிவந்தார். பாவூர்சத்திரம் பக்கம் பஸ் கவிழ்ந்து, முட்டி நொறுங்கி, ஐந்து மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்; கல்யாணம் ஆகாத தனிக்கட்டை. ஆபீஸோ மாடியில்; அவரால் இனி படி ஏற முடியாது.

"கேட்ல ஒரு சேர் போட்டு உக்காரட்டும்" என்றார் மேனேஜர்.

விஜயத்துக்குச் சுருக்கென்றது. மேலகரத்துக்காரி, முப்பத்துமூன்று வயசு, பத்து வருஷமாக அந்த மில்லில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்தபோது மதுரைக்குப் பயிற்சிக்குப் போனவளும் அவள்தான். அவள் ஏற்றிய ஸ்டாக் விவரமெல்லாம் வல்லிநாயகம் பக்கத்தில் நின்று, சலிக்காமல் சொல்லச் சொல்ல ஏற்றியது.

நேரே மேனேஜரிடம் போனாள். "சார், உங்க ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் கவர் போட்டுச் சும்மாதான இருக்கு? அதைக் கீழ வச்சு ஒரு கேபிள் இழுத்தா, மாடி சர்வர்ல இருக்க ஃபைலை அவர் அங்கன இருந்தே பாத்துக்கிடலாம்."

"ஃபைல் மேல இருக்கும், அவரு கீழ பாப்பாராக்கும்?"

"பாப்பார் சார். நான் காட்டுதேன்."

மேனேஜர் சிரித்தார், ஆனாலும் சரி என்றார். மதுரை என்ஜினீயர் வந்து ஜன்னல் வழியே கறுப்புக் கேபிளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். விஜயம் வல்லிநாயகத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இப்ப எஃப், ரெண்டு புள்ளி, என்டர் அடிங்க சார். அடுத்தாப்ல டி, ஐ, ஆர்னு அடிச்சு, மறுபடி என்டர் அடிங்க."

ஸ்டாக் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக விழுந்தன. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு?"

"மாடியிலதான் இருக்கு. இது அதைத் தன்னோட எஃப் டிரைவ் மாதிரி எடுத்துக்காட்டுது. நீங்க இங்கன திருத்துனா எனக்கு அங்கனயும் திருந்தியிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அப்ப கேட்டுக்குப் போவேண்டாம்லா?"

"வேண்டாம் சார்."

பத்து நாள் கழித்து எஃப் டிரைவில் ஒரு புது ஃபைல் கிடந்தது. பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்டாச்சா' கச்சிதமாக எட்டில் அடங்கியிருந்தது. திறந்தாள். "மழைல நனைஞ்சு வந்தீங்களே, தலையைத் துவட்டுனீங்களா?" என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே, "துவட்டியாச்சு. உங்களுக்குக் கால் வலி எப்படி?" என்று அடித்துவைத்தாள். தினம் ஒரு வரியாக அந்த ஃபைல் வளர்ந்தது.

ஐப்பசியில் ஒருநாள், "ஒண்ணு கேக்கணும். எழுதப் பயமா இருக்கு" என்றிருந்தது.

விஜயம் பதில் அடிக்கவில்லை. எழுந்து கீழே இறங்கிப் போனாள். "எழுதவேண்டாம். வாயால கேளுங்க."

அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "என் காலு இப்படி. வீட்ல ஒத்துக்கிடுவாங்களா?" என்றார்.

"நான் ஒத்துக்கிடுதேன். மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

விஜயத்தின் அம்மா மூன்று வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானே கிளம்பி மில்லுக்கு வந்து, வல்லிநாயகத்தோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் விஜயம் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏட்டி, உனக்குத் தகுந்த ஆளுதான்" என்றாள்.

தை மாசம் இலஞ்சி கோயிலில் கல்யாணம் நடந்தது. மேனேஜர் குடும்பத்தோடு வந்து, பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.