மைக்கில் சொன்ன பதில்

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு இன்னும் சேராத காலம். கணவர் இறந்ததும் அவருடைய மைக் செட்டை விற்கச் சொன்னார்கள், நான் மறுத்து, நானே அதை வாடகைக்கு விட்டு நடத்தினேன். முட்டத்தில் நான் ஒத்துக்கொண்டிருந்த தேவாலயத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர் கிழிந்துபோனது. வேறு வாங்க மார்த்தாண்டம் போனேன்.

“ஆம்பிளையளு யாரையாவது அனுப்பும்மா. ஒனக்கு இதுல என்ன தெரியும்?” என்றார் கடைக்காரர்.

“கேக்கது காதுதானே அண்ணாச்சி? எனக்கும் ரெண்டு கெடக்கு. ஒவ்வொண்ணா மாட்டுங்க.”

கடை மைக்கில் பேசிப் பார்த்தேன். அவர் புகழ்ந்த பெரிய ஸ்பீக்கரில் என் பேச்சு இரைச்சலாகக் குழம்பியது. சிறியதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. ஆனாலும் அவர், “பெரிசுதான் நல்லது” என்று விடவில்லை.

“எனக்குச் சின்னதுதான் வேணும்!” என்று மைக்கிலேயே சொன்னேன்.

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குள்கூட மெதுவாகவே பேசிப் பழகியவள் நான். அன்று எனக்கு வெட்கம் வரவில்லை. அதன்பின் யாருக்காகவும் என் குரலைத் தாழ்த்தியதில்லை.