மேகத்துக்கு மேலே சிவப்பு

பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. நல்லூரில் ஒரு கம்பெனியில் செக்கிங். கண் நன்றாயிருக்கிற வரைதான் எனக்குச் சோறு.

அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு பயந்தேன். பொங்கலூரில் ஒரு விசேஷம் முடிந்து வீட்டுக்காரரோடு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. தலைக்கு மேல் நட்சத்திரங்கள். வெகுதூரத்தில் மட்டும் ஒரு மேகம் மின்னிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்த மேகத்துக்கும் மேலே, வெறும் வானத்தில், சிவப்பாக ஏதோ ஒன்று விழுதுவிட்டு நின்றது. கண் சிமிட்டுவதற்குள் காணோம்.

"ஏனுங்க, பாத்தீங்களா?"

அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தார். "மேல ஒண்ணுமே இல்லியே புள்ள. மின்னல் கீழதான எறங்கும்? நாளைக்கே கண்ணாஸ்பத்திரி போயிரலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். என் அம்மாவுக்குப் பார்வை போகத் தொடங்கியபோதும் இப்படித்தான், இல்லாத வெளிச்சமெல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். போகாதவரை கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. வேலையில் ஒவ்வொரு பனியனையும் இரண்டு தடவை பார்த்தேன்; என் மேசையில் மட்டும் பீஸ் மலையாய்க் குவிந்தது.

பேக்கிங்கில் இருக்கும் ஒடிசாப் பெண்ணிடம் மட்டும் டீ நேரத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போனில் ஏதோ தேடி, "அக்கா, இதா?" என்று நீட்டினாள்.

விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த வீடியோ. பூமி இருட்டாய்க் கிடந்தது. மேகங்கள் வெள்ளையாக மின்னின. பெரிய மின்னல் ஒன்று அடித்த கையோடு, மேகத்துக்கு மேலே அதே சிவப்பு, அதே விழுது. மேகத்துக்கு மேலே தோன்றுகிற ஒருவகை மின்னலாம் அது. நான் கீழிருந்து பார்த்ததைப்போல் ஒன்றை அங்கே மிதந்துகொண்டிருந்த யாரோ மேலிருந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு விடாமல் படமும் பிடித்திருக்கிறார்கள். டீ ஆறிப்போகும்வரை அழுதேன். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும். போனை நீட்டிய பிள்ளையும்தான்.

அந்தத் தைரியத்தில் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். படிக்கிற கண்ணாடி போதும் என்றார்கள்.

வீட்டுக்காரர் அந்த வீடியோவை நாலைந்து தடவை பார்த்தார். வாய்திறந்து மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் தூரத்தில் மின்னினால் போதும், வண்டியை ரோட்டைவிட்டு இறக்கி நிறுத்தி, விளக்கை அணைத்துவிடுகிறார்.

"தெரியுதா புள்ள?"

அவர் கண்ணுக்கு இதுவரை ஒரு தடவைகூட அது அகப்படவில்லை. எப்படி அகப்படும்? வானத்தை எங்கே பார்க்கிறார்? என் முகத்தையல்லவா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.