கில்சுன் அக்காவின் பதினோரு டேப்புகள்

பியோ கில்சுன் அக்காவோடு ஒரே அலுவலகத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் அவசரமாக நடந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மொத்த அலுவலகமும் படியில் உருளும். அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உறையில் போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனாலும் சூப் கடையில் எங்களுக்கு முன்னால் அவருக்கு இடம் கிடைத்துவிடும். கடைக்காரியோடு அவ்வளவு சிநேகம்.

மொக்போ துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற தீவுகளில் மூடிப்போன பள்ளிக்கூடங்களின் பதிவேடுகளைக் காப்பதுதான் எங்கள் மையத்தின் வேலை. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஆனால் அங்கே படித்தவர்கள் உயிரோடுதானே இருக்கிறார்கள், சான்றிதழ் கேட்டு வருவார்கள். முன்பக்கம் உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பது நான். பின்னால் குளிர் அறையில் அந்தப் பதிவுகள் இருக்கும் கணினிகளையும், அவற்றின் பேக்கப்பையும் பார்த்துக்கொள்வது அக்கா.

அதற்காக அவர் எதுவும் படித்தவரில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். கேசட்டுக்கு ஆளில்லாமல் போனபோது கடையை மூடிவிட்டு, பதிவேடுகளை ஸ்கேன் செய்ய ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். ஸ்கேன் வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். பேக்கப் எழுதுகிற காந்த டேப்புகளை மாற்ற ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், அக்கா தங்கிவிட்டார்.

எங்கள் டீம் லீடர் குவாக் நல்ல மனிதர்தான். புதுப் பொருள் என்றால் அவருக்குக் கொஞ்சம் சபலம். அவர் ஏற்பாட்டில் ஒரு நாள் புதிய சேமிப்புப் பெட்டி வந்து இறங்கியது. கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற குளிர்பெட்டி அளவு இருக்கும். கூடவே சியோலிலிருந்து பாங் என்ற பொறியாளரும் வந்தார்.

"ஒவ்வொரு டிசம்பரும் மொத்தப் பதிவேட்டையும் ஒரு நகல் எடுத்து வைக்கிறீங்க இல்லையா? பன்னிரண்டு வருஷத்து நகலும் இதுக்குள்ள அடங்கிடும். பத்துல ஒரு பங்கு கூட நிரம்பாது" என்றார் பாங்.

"அது எப்படி?" என்றேன் நான்.

"எல்லாத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் பார்க்கும். ஏற்கனவே இருக்கிற துண்டே மறுபடி வந்தா, திரும்ப வாங்கி வைக்காது. 'இது அந்த இடத்துல இருக்கு'ன்னு ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கும்."

குவாக்குக்கு முகமெல்லாம் பெருமை. அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தம்பி, என் கடையில நல்லா ஓடுற படம்னா வாசல்ல பன்னிரண்டு அட்டை அடுக்கி வைப்பேன். பார்க்கிறவங்க பன்னிரண்டு கேசட் இருக்குன்னு நினைப்பாங்க. கல்லாவுக்குப் பின்னாடி இருக்கிறது ஒண்ணுதான். ஒருத்தர் வீட்டு மிஷின் அதைக் கடிச்சுக் குதறிட்டா பன்னிரண்டு அட்டையும் வெறும் அட்டை. இது அந்தக் கதைதானே?"

பாங் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான். அதனாலதான் இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வேற ஊர்ல வைக்கணும்னு சொல்றோம்."

குவாக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்னொன்று வாங்க அனுமதி கிடைக்காது என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

"அப்போ நான் டேப்பை விடலை சார்" என்றார் அக்கா.

"பியோ அக்கா, புதுப்பெட்டி வந்த முதல் நாளே அதுக்கு ஒப்பாரி வைக்காதீங்க. டேப்புல எழுதினா சுருங்கினதெல்லாம் மறுபடி விரிஞ்சுக்குமாமே. பன்னிரண்டு நகலுக்கும் எத்தனை டேப் ஆகும் தெரியுமா?"

"நூத்தி முப்பத்திரண்டு."

கணக்கு அவ்வளவு சீக்கிரம் வரும் என்று குவாக் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா பன்னிரண்டும் எதுக்கு? கடைசி நகல் ஒண்ணு போதும். மூடின பள்ளிக்கூடத்துல இனிமே யார் சேரப்போறாங்க? அது பதினோரு டேப். அலமாரியில காலி டேப் பதினாலு இருக்கு."

"என்னமோ பண்ணுங்க. மத்த வேலை கெடக்கூடாது."

எழுதி முடிக்க நாலு வாரம் பிடித்தது. துண்டுகள் பெட்டிக்குள் திசைக்கொன்றாகக் கிடக்கும், ஒவ்வொரு கோப்புக்கும் அவற்றைத் தேடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும், அதனால் அது ஆமை வேகத்தில்தான் கொடுக்கும் என்று பாங் போனில் சொன்னார். எழுதியதோடு அக்கா விடவில்லை. ஒவ்வொரு டேப்பையும் திரும்பப் படிக்கவைத்து, எங்காவது நாலு பிள்ளைகளின் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் மேலே எண் எழுதினார்.

அப்புறம் பதினோரு டேப்பையும் மீன் வாங்குகிற ஐஸ் பெட்டியில் அடுக்கி, பக்கத்து ஊரான ஹேனாமில் எங்கள் துறைக்குச் சொந்தமான நூலகத்தின் காப்பறைக்கு பஸ்ஸில் கொண்டு போனார். அந்த ஐஸ் பெட்டியில் ஐஸ் வைத்ததே இல்லை. வெயிலும் அதிர்ச்சியும் படக்கூடாது என்பதற்காக வாங்கியது. வழியனுப்ப நானும் பஸ் நிலையம் வரை போனேன். டிரைவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன மீன்மா?" என்றார்.

"தீவு மீன். எல்லாம் வாத்தியார்ங்க வளர்த்தது" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

மூன்றாவது வருஷம் ஆகஸ்டில் புதுப்பெட்டிக்குள் ஒரே வாரத்தில் மூன்று ஹார்ட் டிஸ்க் வட்டுகள் கெட்டன. மாற்றினார்கள். எல்லாம் சரி என்று திரை பச்சை காட்டியது. நாங்களும் நம்பினோம். அந்த இலையுதிர் காலத்தில் அக்கா தாயாரின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு வாரம் லீவில் போன சமயம், டேப் படிக்கிற கருவியை குவாக் கழற்றிச் சாமான் அறையில் போட்டுவிட்டார். வசந்தத்தில் ஏலத்துக்குப் போக வேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டார். அக்கா திரும்பி வந்ததும் சாமான் அறைக்குப் போனார். அதன் கேபிள்களைச் சுருட்டி உறையில் போட்டுக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவிட்டு வந்தார். அன்று மட்டும் குவாக்குக்குக் காப்பி கலந்து கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் யாங் ஓக்ரே என்ற அம்மா வந்தார். அறுபத்திரண்டு வயது. சோக்மதோ தீவுக்காரர். பெரியவர்களுக்கான நடுநிலைப்பள்ளியில் சேர அவருக்கு ஆரம்பப்பள்ளி முடித்த சான்று வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று புதன்.

"என் வீட்டுக்காரரும் நானும் ஒண்ணாத்தான் விண்ணப்பம் வாங்கினோம். அவர் பள்ளிக்கூடம் இன்னும் நடக்குது, தாள் கிடைச்சிருச்சு. என்னோடது வரலைன்னா அவர் எனக்கு ஒரு வகுப்பு மேல போயிடுவார். அப்புறம் சாகிற வரைக்கும் அந்த மனுஷனைத் தாங்க முடியாது" என்றார்.

நான் சோக்மதோ பள்ளியைத் திறந்தேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. போன வருஷ நகலுக்குப் போனேன், அதே செய்தி. அதற்கு முந்தைய வருஷமும் அதேதான். பெட்டிக்குள் இருந்த அத்தனை டிசம்பர்களையும் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில் செத்திருந்தன. அசல் தாள்கள் எப்போதோ ஒரு சூறாவளியில் நனைந்து கூழாகிப்போனவை.

"அம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்று பார்லித் தேநீர் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அக்கா திரையைப் பார்த்தார். பாங்குக்குப் போன் போட்டார். ஆகஸ்டில் கெட்ட வட்டுகளோடு சில துண்டுகள் போயிருக்கும், எல்லா வருஷத்து நகலும் அந்தத் துண்டுகளைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும் என்றார் பாங். அதற்குள் குவாக் வந்து நின்றார். காது நுனி வரை வெளுத்திருந்தது.

"எத்தனை பேரோடது?"

"முன்னூத்திப் பன்னிரண்டு பிள்ளைங்க. பிள்ளைங்கன்னா, இப்போ எல்லாரும் அறுபதுக்கு மேல" என்றார் அக்கா.

நான் அந்த நேரத்தில் ஒரு பேச்சை எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் குத்திக்காட்டாமல் விட்டிருக்க மாட்டேன். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, "நான் ஹேனாம் போய்ட்டு வரேன். சோக்மதோ ஏழாம் நம்பர் டேப்புல இருக்கு. நீங்க மிஷினை வெளியில எடுத்து வைங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

சாமான் அறையில் அந்தக் கருவி விளையாட்டு விழாக் கூடாரங்களுக்கும் கம்பங்களுக்கும் அடியில் இருந்தது. குவாக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உள்ளே புகுந்தார். ஒரு கம்பம் சரிந்து அவர் தலையில் தட்டியது. நான் உதவப் போனேன்.

"விடு சொன்ஹ்வா, நான்தானே உள்ளே தள்ளினேன்" என்றார். கருவியைத் திருப்பினோம். முதுகில் ஒட்டிய உறையில் கேபிள்கள் பத்திரமாக இருந்தன. அவர் அந்த உறையைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்தார்.

ஓக்ரே அம்மாவை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். அக்கா நாலு மணிக்குத் திரும்பினார். கருவி தூசியில் இரண்டு முறை டேப்பைத் துப்பியது. அக்கா சுத்தம் செய்யும் டேப்பை ஓடவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. உள்ளே டேப் சுற்றுகிற சத்தம் கேட்டதும் குவாக் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆறு மணிக்குள் முன்னூத்திப் பன்னிரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

வியாழன் காலை ஓக்ரே அம்மா கதவு திறக்கும் முன்பே நின்றுகொண்டிருந்தார். சான்றோடு பழைய பதிவுப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பு ஆசிரியர் எழுதியிருந்ததை அவர் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்:

"'பேச்சு அதிகம். கடற்பாசி காயவைக்கும் மாதங்களில் பள்ளிக்கு வருவதில்லை. வரும்போது, வராத நாட்களுக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.'"

ஹாலில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். "அந்த வாத்தியார் என் பேச்சைக் கேட்கவே இல்லைன்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

பையிலிருந்து ஒரு கட்டு உலர்ந்த கடற்பாசியை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் அன்பளிப்பு வாங்கக்கூடாது. சொன்னால் அவர் கேட்கிறவராயில்லை. நான் தள்ள, அவர் தள்ள, கட்டு இரண்டு முறை கீழே விழுந்தது. கடைசியில் அக்கா வெளியே வந்தார்.

"அம்மா, அதை உங்க பைக்குள்ளேயே வச்சுக்கோங்க. மதியம் சூப் கடைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அங்கே நீங்க உங்க பாசியைப் பிரிச்சுச் சாப்பிடுங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நான் ஒண்ணு எடுத்தா யார் கேட்கப்போறா?"

மணி அடித்ததும் இருவரும் போனார்கள். ஒரு மணி நேரச் சாப்பாட்டு வேளைக்கு அக்கா ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வந்தது அந்த ஒரு நாள்தான். "பேச்சு அதிகம்தான்" என்றார்.

குவாக் அந்த வாரமே மேலிடத்துக்கு எழுதினார். தன் தவறு என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. கருவி ஏலப் பட்டியலிலிருந்து வெளியே வந்து பழைய இடத்தில் அமர்ந்தது. இரண்டாவது பெட்டி அடுத்த வருஷம் வந்தது. வந்த பிறகும் டேப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அக்காவின் ஒப்பந்தம் நிரந்தரமானது. அதற்கு அவர் எங்களுக்கு வறுத்த கோழி வாங்கிக் கொடுத்தார்.

போன மாதம் குவாங்ஜூவில் மற்ற ஆவண மையத்துக்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேச அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். மேடையில் அவர் நாலே நிமிஷம் பேசினார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

"அப்போ நான் கேட்கிறேன்" என்றார் அக்கா. "உங்க பேக்கப்பை நீங்க கடைசியா எப்போ திறந்து படிச்சுப் பார்த்தீங்க?"

முன்வரிசையில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, யாருக்கோ என்னவோ எழுத ஆரம்பித்தாராம். அக்கா இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்துவிட்டார்.